கருந்தாழி மலைநாடு: என் வரைபடத்தில் எங்கெங்கே தப்பு?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் பத்திரமும் பட்டாவும் நகல் எடுப்பது, ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கதை எழுதுவது. மூன்று வருஷமாக ஒரே கதைதான் ஓடுகிறது. அதில் கருந்தாழி என்று ஒரு மலைநாடு வருகிறது. முழுக்க என் தலையில் பிறந்தது, எந்த நாட்டு அட்லஸிலும் தேடாதீர்கள். நடுவில் தாழி மாதிரி ஒரு பெரிய பள்ளத்தாக்கு, சுற்றி மூன்று மலைத்தொடர், ஒரு ராஜா, துப்பாக்கி வராத காலம்.

போன வாரம் வரைபடத்தை ஏ4 தாளில் வரைந்து முடித்து, ஏ3-க்குப் பெரிதாக்கி, கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் பெருமையாக வைத்தேன். பத்திர நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், சர்வேத் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவராம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "தம்பி, இந்த ஆறு மேட்டுல ஏறுது" என்றார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மலை தெரியாது. தினம் பார்த்த மலை என்றால் கேப்பர் மலைதான். ஊட்டிக்கு ஒரு முறை டூர் பஸ்ஸில் போய் வாந்தி எடுத்துக்கொண்டே போய், வாந்தி எடுத்துக்கொண்டே திரும்பினேன்.

வரைபடத்தில் இருப்பது இது. மேற்கே 60 கிலோமீட்டரில் கடல், கிழக்கே சமவெளி. உயரமான சிகரம் ஆனைத்தலை, 2,400 மீட்டர். அதன் உச்சியில் ஒரு ஏரி, அதிலிருந்து ஒரு ஆறு கிழக்கேயும் ஒரு ஆறு மேற்கேயும் இறங்குகின்றன. கிழக்கு ஆறு நடுத்தொடரைத் தாண்டிச் சமவெளிக்குப் போகிறது (பெரியவர் விரல் வைத்த இடம்). ஐப்பசியில் கிழக்கே இருந்து மழை வரும். மலையின் இரண்டு பக்கமும் ஒரே அடர்ந்த காடு. ஆனைத்தலையில் தங்கம், இரும்பு, நிலக்கரி மூன்றும் கிடைக்கும். எதிரி ஏற முடியாதபடி தலைநகரம் மலை உச்சியில். மக்கள் நெல்லும் மிளகாயும் பயிர் செய்கிறார்கள், கரியும் இரும்பும் சமவெளி வணிகர்களுக்கு விற்கிறார்கள்.

எது இருக்கலாம், எது இருக்கவே கூடாது? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வெள்ளைநகரவாசி:

கற்பனை மலைக்கு எதற்கு ஐயா கணக்கு? கதையில் ஆள் பறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆறு மேட்டில் ஏறினால் மட்டும் கேட்பார்களா? தைரியமாக எழுதுங்கள். புதுச்சேரியில் மலையே இல்லை, நாங்கள் கோரிமேட்டையே மலை என்று சொல்லிச் சந்தோஷமாக இருக்கிறோம்.

கோர்பெட்டி:

தம்பி ஜெராக்ஸ், ஆள் பறப்பது எப்படி என்று நீ கதையில் ஒரு வரி சொல்லிவிடுவாய். ஆறு ஏன் ஏறுகிறது என்று சொல்ல மாட்டாய். அதுதான் வித்தியாசம். அந்த சர்வேக்காரர் நல்ல மனுஷன், ஒரு தப்போடு நிறுத்திக்கொண்டார். நான் எண்ணிப் பார்த்ததில் ஏழு.

நான் துளை போடுகிற ரிக்கில் 31 வருஷம் இருந்தவன், இப்போது வடலூரில் பேரப்பிள்ளைகளோடு. பூமிக்குள்ளிருந்து பாறையை உருளை உருளையாக எடுத்து மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவோம். கோர் என்போம். மேலே நிற்கிறவனுக்கு மலை தெரியும், எனக்குப் பெட்டிதான் தெரியும். அதனால் என் பேச்சு அடியில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

முதலில், உன் மலை எப்படிப் பிறந்தது? இதை முடிவு பண்ணாமல் தங்கம் இங்கே, கரி அங்கே என்று வைத்தால் அது மலை இல்லை, மளிகைக்கடை அலமாரி. இமயமலை மாதிரி என்றால் கடலடி மண் மடிந்து உயர்ந்தது. அங்கே சுண்ணாம்புக்கல் வரும், குகை வரும், உப்புப் பாறைகூட வரலாம். பூஜையில் வைக்கிற சாளக்கிராமம் ஒரு கடல் பிராணியின் கூடு பதிந்த கல்தான், அது நேபாளத்து மலை ஆற்றில் கிடைக்கிறது. நம்ம பக்கத்துக் கல்வராயன், சேர்வராயன், கொல்லி எல்லாம் வேறு கதை. 250 கோடி வருஷத்துக் கெட்டிப்பாறை. உன் சிகரம் 2,400 மீட்டர். தொட்டபெட்டா 2,637, ஆனைமுடி 2,695. அதனால் உன்னுடையது நம்ம வகைப் பழைய மலை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஆனைத்தலையில் நிலக்கரி கிடையாது. அந்தப் பாறை பிறந்தபோது நிலத்தில் ஒரு செடிகூட முளைத்திருக்கவில்லை. மரம் இல்லாமல் கரி எங்கிருந்து வரும்? இரும்பு இருக்கலாம், தாராளமாக. சேலத்துக் கஞ்சமலையைப் பார், காந்தத்தில் ஒட்டுகிற கருப்புக்கல் பட்டை பட்டையாக ஓடும். தங்கமும் இருக்கலாம், ஆனால் உச்சியில் குவியலாக இல்லை. வெள்ளைப் படிகக்கல் நரம்பாக ஓடும், அதற்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். கோலாரில் அந்த நரம்பைத் துரத்திக்கொண்டு 3 கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள், 2001-ல் மூடினார்கள். உன் ராஜா காலத்தில் அவ்வளவு தோண்ட முடியாது. அவன் ஆள் ஆற்று மணலைத் தட்டில் அலசித்தான் பொன்துகள் எடுப்பான். நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் அப்படித்தான் அலசினார்கள். ஆக உன் தங்கத்தை உச்சியில் இருந்து எடுத்து, ஆறு வேகம் குறைந்து வளைகிற இடத்தில் போடு.

சேர்வராயன், கொல்லி இரண்டிலும் தட்டையான உச்சிகளில் பாக்சைட் உண்டு. மழை லட்சக்கணக்கான வருஷம் பாறையை அலசி மற்றதையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, மிஞ்சிய மண் அது. அலுமினியம் எடுக்கலாம். ஆனால் உன் ராஜாவுக்கு அலுமினியம் என்றால் என்னவென்றே தெரியாது, அவனுக்கு அது வெறும் சிவப்புக்கல், அரண்மனைச் சுவருக்கு ஆகும். கனிமம் இருப்பது வேறு, அது வளமாவது வேறு.

இப்போது கரிக்கு வருகிறேன். நீயே தெரியாமல் சரியான பெயர் வைத்திருக்கிறாய், கருந்தாழி! கரி இருக்க வேண்டிய இடம் அந்தத் தாழியின் அடி. சுற்றி மலை, நடுவில் ஒரு காலத்தில் ஏரியோ சதுப்போ இருந்தது, காடு விழுந்து மக்கி, மேலே மண் மூடியது என்று வை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு அப்படித்தான், ஒரு காலத்தில் ஏரி. கரேவா என்கிற அந்த ஏரி மண்ணில் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது, மேலே குங்குமப்பூவும் விளைகிறது.

பழுப்புக்கரி என்றால் நம்ம நெய்வேலிச் சரக்கு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டும்போது கருப்பாக வந்ததே, அது. கதைக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கோரை வெளியே எடுத்ததும் அது கருப்பாகக்கூட இருக்காது, ஈரமான காப்பித்தூள் நிறம். கையில் எடுத்தால் பாறைக்குரிய கனம் இருக்காது. சில துண்டில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும், நகத்தால் கீறினால் சிம்பு பிரியும். எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். பெட்டியில் வைத்து இரண்டு நாள் வெயில் பட்டால் காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாகிவிடும். குவித்து வைத்தால் தானே சூடேறித் தானே புகைய ஆரம்பிக்கும். இதைக் கோணியில் கட்டிக் கழுதை மேல் ஏற்றி நாலு நாள் மலை இறக்கிச் சமவெளியில் விற்கிறான் உன் வணிகன்! பாதி தண்ணீரைச் சுமக்கிறான், மீதி பொடியாகிச் சிந்துகிறது. வெட்டிய இடத்திலேயே எரித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு அது. நெய்வேலியில் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் வைத்ததும் அதனால்தான்.

இன்னொன்று. நெய்வேலியில் கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்பு வைத்து ராத்திரி பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். பம்பு இல்லாத உன் ராஜா ஆழக் குழி போட்டால் அடியிலிருந்து தண்ணீர் பொங்கும், ஆட்கள் முங்குவார்கள். ஆறு கரையை அறுத்துக் கரியை வெளியே காட்டுகிற இடத்தில் மட்டும் அவனால் சுரண்ட முடியும். (இது உனக்கு ஒரு அத்தியாயம். காசு வேண்டாம்.)

அப்புறம் ஆறு. ஓர் ஏரிக்கு ஒரு வாய்தான். இரண்டு பக்கமும் வழிந்தால், எந்த வாய் சீக்கிரம் அறுபடுகிறதோ அது மற்றதைக் குடித்துவிடும். உச்சியில் ஏரியே சந்தேகம், உச்சிக்கு மேலே தண்ணீர் ஊட்ட என்ன இருக்கிறது? கொஞ்சம் இறக்கி, சோலையும் புல்வெளியுமாக நாலு பள்ளம் போடு, அது மழையைக் குடித்து மெதுவாக விடும். ஆறு மலைத்தொடரைத் தாண்டாது, அறுக்கும். மலை உயர்வதற்கு முன்னாலேயே ஆறு அங்கே ஓடியிருந்தால், மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே இருக்கும். பிரம்மபுத்திரா அந்த வகை. எவ்வளவு பெரிய பாறையையும் தண்ணீர் எப்படி அறுக்கும் என்று பார்க்க ஒகேனக்கல் வரை போய் வா. ஆக உன் நடுத்தொடரில் ஒரு செங்குத்தான பிளவு வை. நாட்டுக்குள் நுழைய அது ஒன்றே வாசல் என்றால் தலைநகரத்தை உச்சியில் கொண்டுபோய் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக மழை. நீ கடலூர்க்காரன், ஐப்பசி என்றால் கிழக்கே பார்ப்பாய். உன் வரைபடத்தில் கடல் மேற்கே இருக்கிறதே! கிழக்கே இருந்து வருகிற காற்று சமவெளி மேல் காய்ந்து வருகிறது, எதைக் கொண்டுவந்து பொழியும்? மேற்குக் காற்றுதான் ஈரம். அது மேற்குச் சரிவில் ஏறி, குளிர்ந்து, கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல், அதே மலையின் மறைவில் இருக்கிற கோயம்புத்தூரில் 700 பக்கம்தான். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே காடு என்பதை அழித்துவிடு. மேற்கே அட்டை கடிக்கிற மழைக்காடு, கிழக்கே உசிலையும் வேலமும் முள்ளும்.

நெல், மிளகாய் பற்றி மலையில் பிறந்தவர்கள் யாராவது சொல்லட்டும். எனக்குச் சாப்பிடத்தான் தெரியும்.

கடுக்காய்:

நான் மலையில் பிறந்தவள்தான். கல்வராயன் மலை, வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இப்போது புதுச்சேரியில் நர்ஸ் வேலை, ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு. ஐயா அடியிலிருந்து சொன்னார், நான் அடுப்பிலிருந்து சொல்கிறேன்.

அண்ணா, உங்கள் ஊரில் யாரும் உப்புப் போட்டுச் சாப்பிட மாட்டார்களா? படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். தங்கம், இரும்பு, கரி எல்லாம் இருக்கிறது, உப்பு எங்கே? ஐயா சொன்ன கணக்குப்படி பழைய கெட்டிப்பாறையில் உப்புப் பாறை வராது, அப்படியானால் கடலிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் பாட்டி உப்பைச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருப்பாள். மழைக்காலத்தில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும், கீழே வைத்த உப்பு ஒரே ராத்திரியில் தண்ணீர் விட்டு ஒழுகிவிடும். அடுப்புப் புகையில் உப்பே பழுப்பாகிவிடும், அந்த வாசனைதான் எங்களுக்கு உப்பு வாசனை. நர்சிங் படிக்கக் கீழே வந்து வெள்ளை உப்பைப் பார்த்தபோது இதில் எதுவோ குறைகிறது என்றுதான் நினைத்தேன்.

கீழே இருக்கிறவனுக்கு உங்கள் இரும்பு இல்லாவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வான். மேலே இருக்கிறவனுக்கு உப்பு இல்லாவிட்டால் பொழுது போகாது, ஆடு மாடும் தேறாது. திபெத்து ஏரி உப்பை ஆட்டின் முதுகில் சின்னச் சின்னப் பையாகக் கட்டி நேபாளத்துக்கு இறக்குவார்களாம், அங்கிருந்து தானியத்தை ஏற்றிக்கொண்டு போவார்களாம். உங்கள் ராஜாவை மிரட்ட எதிரிக்குப் படையே வேண்டாம், அந்தப் பிளவு வாசலில் உப்பு வண்டியை நிறுத்தினால் போதும். கடல் உப்புக்கு அடிமையாக இருப்பது போக, வேறு ஒரு கேடும் மலையில் உண்டு. மழை மண்ணை அலசிவிடுவதால் அயோடின் போய்விடும், இமயமலை அடிவாரத்தில் தொண்டையில் கழலை வந்தவர்கள் நிறைய. உங்கள் பாத்திரங்களில் ஒரு கிழவிக்காவது அது இருக்கட்டும்.

தலைநகரம் உச்சியில் என்றால் தண்ணீர் யார் சுமப்பது? பெண்கள்தானே! எங்கள் மலையில் எந்த ஊரும் உச்சியில் கிடையாது. இரண்டு மேட்டுக்கு நடுவே, ஊற்று கசிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். காற்று அடிக்காது, விறகு பக்கம், தண்ணீர் பக்கம்.

நெல் இருக்கலாம், ஓடைப் பள்ளத்தில் கொஞ்சம். எங்கள் மலையிலும் உண்டு. ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும். சமவெளியில் 32 என்றால் ஆனைத்தலையில் பதினாறு, பதினேழுதான். அங்கே நெல் கதிர் பிடிக்காது. மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு போடுங்கள். மிளகாயை எடுத்துவிடுங்கள், அது கடல் கடந்து போர்ச்சுக்கீசியரோடு வந்தது, துப்பாக்கி வராத காலத்தில் மிளகாயும் வந்திருக்காது. உருளைக்கிழங்கும் அப்படித்தான். மிளகு போடுங்கள், உங்கள் மேற்குச் சரிவுக்கு அது பொருத்தம். (உங்கள் ஊர்ப் பண்ருட்டி முந்திரியே பிரேசில் மரம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்களா?)

கிழக்குச் சரிவு காய்ந்தது என்பதால் ஒன்றுமில்லாதது என்று எழுதிவிடாதீர்கள். எங்களுக்குக் காசு வந்ததே அதிலிருந்துதான். கடுக்காய், புளி, தேன், சீயக்காய். கடுக்காய் தோல் பதனிடப் போகும், காய்ந்தால் எடை குறைவு, கெட்டுப்போகாது, எத்தனை நாள் நடந்தாலும் அப்படியே இருக்கும். அண்ணா, மலையிலிருந்து இறக்குகிற பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும், லேசாக, காய்ந்ததாக, விலை உள்ளதாக. மிளகு, ஏலம், தேன்மெழுகு, சந்தனம். இரும்பு என்றால் கல்லாக இல்லை, உருக்கி அடித்த கத்தியாக இறங்கட்டும்.

தூரத்தை நீங்கள் கிலோமீட்டரில் எழுதியிருப்பது படிக்க வேடிக்கையாக இருக்கிறது. என் அப்பா சந்தைக்கு இறங்கும் வழியில் இத்தனை சுமைதாங்கி என்றுதான் கணக்கு. மார்பு உயரத்தில் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுத்திருக்கும், தலைச்சுமையை யாருடைய கையும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். செங்குத்தான இடத்தில் கிட்டக்கிட்ட இருக்கும், சமமான இடத்தில் தூரத்தூர. இறங்கும்போது எண்ணியது ஏறும்போது போதாது.

வெள்ளைநகரவாசி:

சரி, நான் முன்னால் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். பாரியின் பறம்பு மலையில் உழாமலே நான்கு பொருள் விளையும், மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று சங்கப் பாட்டில் வரும். முற்றுகை போட்டாலும் பட்டினி கிடையாது என்பது அதன் கருத்து. நம்ம ஜெராக்ஸ் ராஜாவும் அப்படிச் சமாளிக்க முடியாதா?

கடுக்காய்:

முடியும், மூங்கில் பூக்கிற வருஷமாக இருந்தால்! மூங்கில் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். ஒரே சமயத்தில் மலை முழுக்கப் பூத்து, நெல் உதிர்த்து, அப்படியே பட்டுப்போகும். என் பாட்டி ஒரு தடவை பார்த்தாள், நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நெல்லைத் தின்று எலி பெருகும், மூங்கில் நெல் தீர்ந்ததும் எலி வீட்டுக் குதிருக்கு வரும். மிசோரமில் 1959-ல் அப்படித்தான் பஞ்சமே வந்தது. ஆகவே மூங்கில் அரிசி கிடைத்தால் சந்தோஷப்படுகிறவர்கள் சின்னப்பிள்ளைகள், பயப்படுகிறவர்கள் கிழவிகள். மற்ற மூன்றும் சரி. பலா மட்டும் ரொம்ப உயரத்தில் வராது.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:

ஐயா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் கும்பிடு. இரண்டு நாளாகக் கடையில் வேலை ஓடவில்லை, ஒருவருக்குப் பட்டாவின் பின்பக்கத்தை மட்டும் ஐந்து காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

முதலில் ஒரு வெட்கம். என் வீடு இருக்கிற ஊர் குண்டு உப்பலவாடி. பெயரிலேயே உப்பு இருக்கிறது, கொஞ்சம் வடக்கே போனால் மரக்காணத்தில் பாத்தி பாத்தியாக உப்பளம் இருக்கிறது. கதையில் உப்பை மறந்தவன் நான்.

புது வரைபடத்தில் ஆனைத்தலையில் இரும்பு மட்டும். தங்கம் ஆற்று வளைவில். கரி தாழியின் அடியில், ஆறு அறுத்த கரையில் மட்டும் தெரிகிறது, குளிர்காயவும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் எடுக்கிறார்கள், விற்பதில்லை. மேற்கே மழைக்காடு, மிளகு. கிழக்கே கடுக்காய்க்காடு. நடுத்தொடரில் பிளவு வாசல், தலைநகரம் அதற்கு உள்ளே ஊற்றுக்கு மேலே. வாசலில் உப்புச் சாவடி.

ஒரு விஷயம் மட்டும் நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஆறு முடிகிற இடம். 2024 டிசம்பர் முதல் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணை வழியாக வந்து, 1,68,000 கன அடி திறந்தார்கள் என்று செய்தி, எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. வெள்ளம் வந்த அன்று எங்கள் ஊரில் வெயில். வெயிலில் நின்றுகொண்டு வெள்ளம் ஏறுவதைப் பார்த்தேன். ஸ்டோர் பண்ணி வைத்த பேப்பர் பண்டில் முப்பத்திரண்டு, அடிவரிசை முழுக்க ஊறி, தூக்கினால் தயிர்ச்சாதம் மாதிரி கையோடு வந்தது. இதை அப்படியே சமவெளி ராஜ்யத்தில் வைத்துவிட்டேன். வானம் தெளிவு, ஆறு மட்டும் செந்நிறம்.

ஒரு கேள்வி பாக்கி. இரும்பை மலையிலேயே உருக்க வேண்டும் என்கிறீர்கள். கீழேயுள்ள வணிகன் கல்லை வாங்கிக்கொண்டு போய்த் தன் ஊரில் பெரிய உலை வைத்தால் என்ன? என் வில்லன் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறான்.

கோர்பெட்டி:

தம்பி, உன் வில்லனுக்கு அண்ணன் ஒருவன் நம்ம மாவட்டத்திலேயே இருந்திருக்கிறான். 1830-களில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். கல் சேலத்திலிருந்து வந்தது. கடல் வாசலில் உலை, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று கணக்கு. கணக்கு கவிழ்ந்ததற்கு முக்கியக் காரணம் கல் இல்லை, விறகு. உலை எரிய மரக்கரி வேண்டும், ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு மரக்கரி. சுற்றுவட்டக் காடு கரைய, கரி இன்னும் இன்னும் தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, கூலி ஏறியது. சில பத்தாண்டுகளில் ஆலை மூடிக்கொண்டது.

சேலத்து மலையடிவாரத்தில் சின்னச் சின்ன மண் உலை வைத்து உருக்கினவர்கள் அதைவிட நெடுங்காலம் தாக்குப்பிடித்தார்கள். கல் பக்கம், காடு பக்கம், உலை சின்னது, ஓரிடத்தில் மரம் தீர்ந்தால் உலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போவார்கள். கல் கரியைத் தேடிப் போக வேண்டும், கரி கல்லைத் தேடி வராது.

தாழியில் இருக்கிற பழுப்புக்கரியை உலைக்கு வைத்தால் என்ன என்று கேட்பாய். ஆகாது. ஈரம், பொடி, சூடு குறைவு. உன் வில்லன் அதைத்தான் முயற்சி பண்ணித் தோற்க வேண்டும். இரண்டாவது முயற்சியாகக் கிழக்குச் சரிவுக் காட்டை வெட்டுவான். அப்போது கடுக்காய் அம்மாவின் ஊற்று என்னவாகும் என்று அவரையே கேள்.

கடுக்காய்:

ஒரே வருஷத்தில் வற்றாது. முதலில் கோடையில் குடம் நிறைய நேரமாகும். நாங்கள் குடத்தை வைத்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவோம், பாட்டு முடியும்போது குடம் நிறைந்திருக்கும். அப்புறம் இரண்டு பாட்டு. உங்கள் கதையில் கிழவி அதை வைத்துக் கண்டுபிடிக்கட்டும், ராஜாவின் மந்திரிக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ்:

இன்று காலை அந்த சர்வே பெரியவர் மறுபடி வந்தார். ஆதார் நகலுக்கு. நான் எதுவும் சொல்லவில்லை, புது வரைபடத்தைக் கண்ணாடிக்கு அடியில் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஆற்றின் மேல் விரலை வைத்து உச்சியிலிருந்து சமவெளி வரை ஓட்டினார், பிளவில் ஒரு நொடி நிறுத்தினார், தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் மூலையில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். "1 சென்டிமீட்டர் = 5 கிலோமீட்டர்."

"இதை ஏ4-ல எழுதினியா, ஏ3-லயா?"

"ஏ4-ல வரைஞ்சு பெருசு பண்ணினேன் சார்."

"எத்தனை பர்சென்ட்?"

"141."

அவர் எதுவும் சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டேன். பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த 141 பட்டனை அழுத்துகிறவன் நான். அரண்மனைக்கும் உப்புச் சாவடிக்கும் 20 கிலோமீட்டர் என்று கதையில் எழுதியிருக்கிறேன், வரைபடத்தில் அளந்தால் 28. எழுத்தில் போடாமல் ஒரு கோடு போட்டு அதில் பிரித்துக் குறித்திருந்தால் படம் பெரிதாகும்போது கோடும் கூடவே பெரிதாகியிருக்கும் என்றார். மூன்று ரூபாய் கொடுத்தார், நான் வாங்கவில்லை.

இப்போது கோடு போட்டுவிட்டேன். தங்கச்சி, கோட்டில் கிலோமீட்டர் குறிக்கவில்லை, சுமைதாங்கிதான் குறித்திருக்கிறேன். சாவடியிலிருந்து அரண்மனை வரை ஏறுகிற வழிக்குப் பதினொன்று போட்டேன். போதுமா?

கடுக்காய்:

கை வீசி நடந்தால் போதும். உப்பு மூட்டையோடு என்றால் இன்னும் நாலு போடுங்கள்.